என் தம்பிக்குப் பார்வை இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்படுகிறான். சேர்க்கலாமா?

சேருங்கள். "தமிழ் எடுத்து பி.எட். முடித்தால் வாத்தியார் வேலை, இதெல்லாம் எதற்கு" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். வாத்தியார் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. எனக்குப் பாடம் சொன்ன பார்வையற்ற ஆசிரியர்கள் இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் உங்கள் தம்பி கேட்பது வேறு.

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போய் பி.சி.ஏ. படித்தேன். இப்போது அங்கேயே பைத்தான் என்கிற புரோகிராம் மொழியில் வேலை செய்கிறேன்.

முதல் செமஸ்டரில் சி என்கிற புரோகிராம் மொழிக்கு லேப். எல்லா மெஷினிலும் அதை எழுதி ஓட்டுகிற பழைய மென்பொருள் டர்போ சி, அந்தக் காலத்து டாஸ் புரோகிராம்களை இப்போதைய கம்ப்யூட்டரில் ஓட்டுகிற டாஸ்பாக்ஸுக்குள் ஓடும். டாஸ்பாக்ஸ் எழுத்தை எழுத்தாகக் கொடுக்காது, படமாக வரைந்துவிடும். திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடர் படத்தை என்ன செய்யும்? திறந்த உடனே பேச்சு நின்றுவிடும். லேப் பொறுப்பில் இருந்தவர் நல்ல மனிதர்தான். "பக்கத்துல உட்கார்ந்து கேளுப்பா, ரெக்கார்டுல நான் கையெழுத்து போட்டுடறேன்" என்றார். இரண்டு மாதம் பக்கத்துப் பையன் கீபோர்டு தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ரெக்கார்டு நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிற சாயங்காலங்களில் எனக்கு அழுகைதான் வரும்.

என்னைப் போலவே பார்வையற்ற அண்ணன் ஒருவர் போனில் சொன்னார்: "சி வேற, டர்போ சி வேற. புரோகிராம்னா வெறும் டெக்ஸ்ட்தான்டா. நோட்பேட் பிளஸ் பிளஸ்ல எழுது, கமாண்ட் பிராம்ப்ட்ல ஜிசிசி கம்பைலர் வச்சு ஓட்டு." என்விடிஏ என்கிற ஸ்கிரீன் ரீடரின் போர்ட்டபிள் காப்பியை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். அதை இன்ஸ்டால் செய்ய வேண்டாம், யாரிடமும் அட்மின் பாஸ்வேர்டு கேட்க வேண்டாம். அன்றைக்கு எழுதிய பத்து வரி புரோகிராமில் ஒரு எரர். கண்ட்ரோல் ஜி அழுத்தி அந்த வரிக்குப் போய் எத்தனை தடவை கேட்டாலும் சரியாகவே கேட்டது. அப்புறம்தான் புரிந்தது: என்விடிஏ வந்தபடியே இருந்தால் செமிகோலனையும் அடைப்புக்குறிகளையும் வாசிக்காமல் தாண்டிவிடும். இன்சர்ட் கீயோடு பி அழுத்தி, குறிகள் எல்லாவற்றையும் படிக்கச் சொல்ல வேண்டும். படிக்க வைத்தேன், முந்தைய வரியில் விட்டுப்போன செமிகோலன் கிடைத்தது, புரோகிராம் ஓடியது. லேப் சார் என் பின்னால் வந்து நின்றிருக்கிறார். ஒன்றும் பேசவில்லை, தோளில் கை வைத்தார். ரெக்கார்டில் அவர் போட்ட கையெழுத்தில் அன்றைக்குப் போட்டதுதான் என்னுடையது.

பைத்தானில் வரியின் உள்தள்ளலே, அதாவது வரிக்கு முன்னால் விடுகிற இடைவெளியே இலக்கணம், அதைக் கண்ணில்லாமல் எப்படிப் பார்ப்பான் என்று சிலர் பயமுறுத்துவார்கள். என்விடிஏவின் டாக்குமெண்ட் ஃபார்மேட்டிங்கில் லைன் இண்டெண்டேஷனை ஆன் செய்தால் "நாலு ஸ்பேஸ், எட்டு ஸ்பேஸ்" என்று அதுவே சொல்லும். பேச்சு வேண்டாமென்றால் டோன் வைக்கலாம், உள்ளே போகப் போக சுருதி ஏறும். எனக்கு இப்போது சுருதி கேட்டாலே எந்த லூப்பில் நிற்கிறேன் என்று தெரிந்துவிடுகிறது. என்விடிஏவை 2006-இல் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவர்தான். அதில் பெரும்பகுதி பைத்தானில்தான் எழுதப்பட்டது. காசும் கிடையாது. காசு கொடுத்து வாங்குகிற இன்னொரு ஸ்கிரீன் ரீடரான ஜாஸ்தான் சிறந்தது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இருக்கலாம், அதை வாங்கிக் கொடுக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை.

எல்லாமே சுலபம் என்று நான் சொல்லவில்லை. ஃப்ளோ சார்ட், கிராஃப், திரையில் எதை எங்கே வைப்பது, இதற்கெல்லாம் இன்றும் எனக்கு இன்னொருவர் துணை வேண்டும். ஆனால் என்னை அதிகம் வதைத்தது பரீட்சைதான். நான் சொல்லச் சொல்ல விடை எழுத ஸ்கிரைபாக வந்த பெண் கம்ப்யூட்டர் படிக்காதவர். ஒவ்வொரு வளைந்த அடைப்புக்குறிக்கும் "இரண்டு பக்கமும் நடுவில் மூக்கு வைத்தது போல" என்று விளக்கம் சொல்லியே கூடுதல் நேரம் போய்விட்டது. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் மணிக்கு குறைந்தது 20 நிமிடம் கூடுதல் உண்டு என்பது பலருக்குத் தெரியும். கம்ப்யூட்டரிலேயே எழுதக் கேட்கலாம், முதல் நாளே அந்த மெஷினைச் சோதித்துப் பார்க்கலாம் என்பதும் அதில் இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் அட்மிஷன் அன்றே எழுத்தில் கேளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். புதுச்சேரி தெருக்கள் கட்டம் போட்டதுபோல நேராகப் போகும், முனைகளை எண்ணி நடந்தால் எங்களுக்கு வழி தவறாது. இப்படி ஒரு ஊர் எங்களுக்குக் கிடைப்பது அரிது. ஆனால் நடைபாதை முழுக்க பைக். ஹேண்டில் விலாவில் குத்தி ரோட்டில் இறங்கினால் பின்னாலிருந்து ஹாரன். புரோகிராமிங் கற்றுக்கொண்டதைவிட பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸ் போவதுதான் எனக்கு இன்றும் கஷ்டம். பைக் நிறுத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சுவர் ஓரமாக ஓர் ஆள் போகும் அளவுக்காவது விடுங்கள்.

தம்பிக்கு லேப்டாப் வாங்கும்போது ஒரு காதில் மட்டும் மாட்டுகிற ஹெட்போனாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொரு காது அவனுக்கு வகுப்பைக் கேட்க வேண்டும்.