அந்தப் பெண்ணின் கையில் இருந்த காகிதம்

அன்புள்ள அண்ணா,

சென்னையின் குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றும் பெரும்பாக்கம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். "அரிசி மூட்டையோடு வரும் சாமியாரைவிட வக்கீலோடு வரும் சாமியார் மேல்" என்று அதில் ஒரு வரி. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். இப்போது பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறோம். வந்து இறங்கிய வருடம் கட்டில், சோபா, பாத்திர அலமாரி எல்லாம், ஏழைகளுக்கு உதவும் எம்மாவுஸ் அமைப்பின் கடையில் பழையதாக வாங்கியவை. அப்பாவுக்கு வேலை போன வருடம் வாடகை நாலு மாதம் நின்றுவிட்டது. வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக் கோர்ட் தாள் வந்தது. கீழ்வீட்டு அல்ஜீரியப் பாட்டி, "நவம்பர் ஒண்ணு வரைக்கும் தாக்குப்பிடிங்க, அப்புறம் மார்ச் கடைசி வரை உங்களை யாரும் வெளியே தள்ள முடியாது" என்றார். அப்படியே ஆயிற்று. அதற்குள் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சட்டம், எம்மாவுஸைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் அபே பியர் சாமியாரால் வந்தது என்று தெரிந்ததும் அம்மா அவர் படத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். 2024-ல் அவர்மேல் பாலியல் புகார்கள் வந்தபோது அம்மாவே கழற்றினார். ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது.

எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற பெரியவர் ஒருவர், "இதுக்குத்தான் சொல்றது, சாமியார்கள் தர்மம் செய்யட்டும், சட்டம் அரசியல் எல்லாம் வேண்டாம்" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. அபே பியர் செய்த நல்லதெல்லாம் பொய்யா அண்ணா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த வரி. வேகத்தில் எழுதிவிட்டேன். அரிசி கொண்டுவருகிறவரை அப்படித் தாழ்த்தியிருக்க வேண்டாம். 2019 டிசம்பர் கடைசியில் சென்னை நகருக்குள் இருந்த சத்தியவாணிமுத்து நகர்க்காரர்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்களே, அந்த முதல் ராத்திரியில் அடுப்பு பற்றவைக்க அரிசிதான் வேண்டும், ரிட் மனு உதவாது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அங்கே, வீடு இங்கே என்று ஆன பிறகு என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

அதற்கு உங்கள் வீட்டுக் கதையே போதும். அதன் தொடக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1954, ஜனவரி 3 இரவு. பாரிசுக்குக் கிழக்கே நூயி-பிளேசான்ஸ் என்ற இடத்தில், பழைய பஸ் ஒன்றுக்குள் குடியிருந்த குடும்பத்தின் கைக்குழந்தை குளிரில் விறைத்துச் செத்துப்போனது. அதே இரவில் பாராளுமன்ற மேலவையில் அவசரக் குடியிருப்புகளுக்குப் பணம் ஒதுக்கும் யோசனையை அமைச்சர் மறுத்துப் பேசிக்கொண்டிருந்தார். அபே பியர் அமைச்சருக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். அதில் வசவு கிடையாது. வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அடக்கம், அந்த நேரம் நீங்களும் எங்களோடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதினார். நம் ஊரில் சாவு சொல்லி அனுப்புவோமே, அந்த மாதிரி. சாவு சொல்லி அனுப்பிய பிறகு போகாமல் இருக்க முடியுமா? அமைச்சர் போனார்.

ஆனாலும் குளிர் விடவில்லை. பிப்ரவரி 1 அன்று அபே பியர் வானொலியில் பேசினார். நண்பர்களே, உதவுங்கள் என்று தொடங்கி, இன்று விடியற்காலை மூன்று மணிக்கு செபாஸ்தொப்போல் சாலையின் நடைபாதையில் ஒரு பெண் உறைந்து செத்தாள் என்றார். இன்று ராத்திரிக்குள், மிஞ்சினால் நாளைக்குள், 5,000 கம்பளி, 300 பெரிய கூடாரம், 200 அடுப்பு வேண்டும் என்று கேட்டார். லா போயேசி தெருவில் ஒரு ஓட்டலின் பெயரைச் சொல்லி அங்கே கொண்டுவந்து போடச் சொன்னார். சனம் வந்து குவிந்தது. பொருட்களை வைக்க இடமில்லாமல் ஓர்சே ரயில் நிலையத்தைத் திறந்தார்கள் (இன்று நீங்கள் டிக்கெட் எடுத்து ஓவியம் பார்க்கப் போகும் அதே கட்டடம்). சார்லி சாப்ளின் இருபது லட்சம் பிராங்க் கொடுத்துவிட்டு, இது நான் கொடுப்பதல்ல, திருப்பித் தருவது, நான் நடித்த அந்த நாடோடியின் பணம் என்றார். மேலவையில் தள்ளப்பட்ட பணம் சில வாரத்தில் பத்து மடங்காக, ஆயிரம் கோடி பிராங்காக, நிறைவேறியது. அதில் அவசரத்துக்குக் கட்டியவற்றில் பல சில வருடத்திலேயே ஒழுகும் சேரிகளாகிப்போயின என்பதும் உண்மை. அதை யாரும் படம்போட்டு மாட்டுவதில்லை.

அந்த வானொலிப் பேச்சில் எல்லோரும் கம்பளியை நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடிபட்டது வேறொரு விவரம். செத்துக் கிடந்த பெண் ஒரு காகிதத்தை மார்போடு அணைத்திருந்தாள். இரண்டு நாள் முன்பு அவளை வீட்டிலிருந்து வெளியேற்றிய காகிதம் அது. நீதிமன்றத்தில் முறைப்படி முத்திரை வாங்கி, முறைப்படி கொண்டுவந்து கொடுத்தது. அவளைக் கொன்றது குளிர் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். குளிருக்குக் கம்பளி போதும், ஒரு வாரத்தில் பிரான்ஸ் அதைக் கொடுத்துவிட்டது. காகிதத்துக்கு இன்னொரு காகிதம் வேண்டியிருந்தது. அது வர இரண்டு வருடம் பத்து மாதம் ஆயிற்று. குளிர்காலத்தில் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்ற சட்டம் 1956 டிசம்பர் 3 தேதியிட்டது. உங்கள் கீழ்வீட்டுப் பாட்டி சொன்னது அந்தக் காகிதத்தைத்தான். இப்போது நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. சகல புனிதர் திருநாளில் தொடங்குகிறது, மறுநாள் கல்லறைத் திருநாள். திட்டமிட்டு வைத்தார்களா தெரியாது, ஆனால் புதுச்சேரிக்காரருக்கு மறக்காது.

அது பெரிய உரிமை ஒன்றும் இல்லை. வாடகை பாக்கி தள்ளுபடி ஆகாது, தீர்ப்பும் ரத்தாகாது. ஏப்ரல் பிறந்ததும் கதவைத் தட்டுவார்கள். உங்கள் அப்பாவுக்கு அதற்குள் வேலை கிடைத்தது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அந்த ஐந்து மாதத்துக்கு உங்கள் அம்மா யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கவில்லை, வீட்டுக்காரரிடம் அழவில்லை, ஒழுங்காகப் பூசைக்கு வருகிறவர்தானா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இப்போது 2024-க்கு வருகிறேன். அந்த ஜூலையில் எம்மாவுஸ் அமைப்புகளே முன்வந்து, அபே பியர் தங்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்று பெண்கள் சொன்ன சாட்சியங்களை வெளியிட்டன. முதலில் ஏழு பேர். சில மாதங்களில் முப்பதைத் தாண்டியது, சிறுமியராக இருந்தபோது பாதிக்கப்பட்டவர்கள் உட்பட. 1950களிலேயே திருச்சபை மேலிடத்தில் சிலருக்குத் தெரிந்திருந்தது என்பதைப் பழைய ஆவணங்கள் காட்டின. அவர் 2007-ல், 94 வயதில், நாடே அழ இறந்துபோனவர். நீதிமன்றத்தில் நிற்கவேண்டிய ஆள் கல்லறையில் இருக்கிறார். அம்மா படத்தைக் கழற்றியது சரி. திரும்ப மாட்டச் சொல்லி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அவர் பெரிய மகான், சின்னக் குறை என்று யாராவது தராசு தூக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பெண்களின் கணக்கை வீடில்லாதவர்களின் கணக்கில் கழிக்க முடியாது.

ஆனால் பூசைப் பெரியவர் இதிலிருந்து எடுக்கும் முடிவு தலைகீழ். தர்மம் போதும் என்கிறார் அவர். தர்மம் கொடுப்பவரை நம்பித்தானே நிற்கிறது? அவர் நல்லவராக இருக்க வேண்டும், நாளைக்கும் இருக்க வேண்டும், கை நீட்டுகிறவரைத் தன் அறைக்குக் கூப்பிடாதவராக இருக்க வேண்டும். அபே பியரிடம் போன பெண்களில் சிலர் வீடு கேட்டு, உதவி கேட்டுப் போனவர்கள். அந்த மனிதர் யார் என்று தெரிந்த பிறகும், இந்த நவம்பரிலும் ஒரு வீட்டுக் கதவு தட்டப்படாமல் இருக்கிறது. அவர் பெயரில் இருந்த அறக்கட்டளை 2025 ஜனவரியில் பெயரை மாற்றிக்கொண்டது. வீடில்லாதோர் நிலைமை பற்றிய அதன் ஆண்டறிக்கை அதற்குப் பிறகும் வந்தது.

வேதத்திலிருந்து வேண்டும் என்று பெரியவர் கேட்பார். ஏசாயா ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டுங்கள்: "வீட்டோடே வீட்டைச் சேர்த்து, வயலோடே வயலைக் கூட்டுகிறவர்களுக்கு ஐயோ!" அது போதாதென்றால் லேவியராகமம் 19. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் விடப்பட வேண்டியது என்கிறது. மனமிருந்தால் விடு என்று சொல்லவில்லை. பரதேசி விதவை ரூத் கதிர் பொறுக்கப் போனது அந்தச் சட்டத்தின் பேரில்தான். வயல்காரன் போவாஸ் நல்லவனாக இருந்தது அவள் அதிர்ஷ்டம்.

நம் பக்கமும் ஒரு வாசகம் உண்டு. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியதிலிருந்து அதன் கட்டடங்களில் பார்த்திருப்பீர்கள்: "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்." வாரியத்தின் பெயர்கூட மாறிவிட்டது. சுண்ணாம்பு உதிர்ந்த சில சுவர்களில் 'சிரிப்பில்' மட்டும் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிரான்சிலும் முடிந்த கதை இல்லை. 2006 டிசம்பரில் சாந்மர்தான் கால்வாய்க் கரையில் வரிசையாகக் கூடாரம் போட்டு ஆட்கள் படுத்த பிறகுதான், வீட்டு உரிமையை அரசிடம் வழக்காடிப் பெறலாம் என்ற 2007 மார்ச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பான பிறகும் வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் பாரிஸ் வட்டாரத்தில் இருக்கின்றன. உங்கள் பூசைக்கு வருகிறவர்களிலேயே இருக்கலாம். பெரியவரிடம் வாதாடுவதைவிட அவர்களுக்கு அந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பிரெஞ்சில் படிவம் நிரப்புவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. அப்பாவுக்கு வந்த அந்தக் கோர்ட் தாள் இன்னும் வீட்டில் இருந்தால், பெயரை மறைத்துப் படமெடுத்து அனுப்ப முடியுமா? தேதியை எந்த இடத்தில் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்