கோவையில் வேலை இருக்கும்போது குன்னூர் அருகே ஆற்றோரமாக வாடகை வீடு எடுத்துக் குடியிருக்கலாமா?

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கோவை அலுவலகத்துக்குப் போனால் போதும் என்றும், மனைவியும் பள்ளி செல்லும் மகளும் உடன் வருவார்கள் என்றும், ஜன்னலைத் திறந்தால் ஆற்றுச் சத்தம் கேட்க வேண்டும் என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகக் குடியிருக்கலாம். ஆற்றோரம் என்ற நிபந்தனையை மட்டும் விட்டுவிடுங்கள். அரவங்காட்டுக்கும் கேத்திக்கும் இடைப்பட்ட சரிவு ஒன்றில் பல ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருப்பவன் என்ற முறையில், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே ஆறு என்பது பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிற ஓடைதான். குன்னூர் ஆறு நகரத்தின் நடுவே வருவதால் நகரத்தின் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டே வருகிறது. கோடையில் அதன் கரையில் உங்கள் ஜன்னலை மூடித்தான் வைப்பீர்கள். காட்டேரி, பாலாடா பக்கத்து ஓடைகளோ கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகின்றன. பார்வைக்குப் பச்சைப் பாய் விரித்தாற்போல் இருக்கும். மருந்து அடிக்கும் நாளில் அந்த நெடி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த மலையின் படுகர் மக்கள் வாழும் ஊர்களான ஹட்டிகளைக் கவனித்துப் பாருங்கள். வீடுகள் மேட்டிலும் சரிவிலும் இருக்கும், பள்ளத்து நிலம் விவசாயத்துக்கு என்று விடப்பட்டிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் பள்ளத்தில் இறங்கித் தேங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி முதலில் விழுவது அங்கேதான். சற்று மேலே சரிவில் இருப்பவர் சால்வையோடு சமாளிக்கும் காலையில், ஓடைக்கரையில் இருப்பவர் வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் மழையைப் பொறுத்துக்கொள்ள முடியாது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டம் முழுவதும் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அன்றைய நிலைமையைப் பார்த்தவர்கள் எவரும் ஓடையை ஒட்டியோ, புதிதாக வெட்டிய மண்மேட்டுக்கு அடியிலோ வீடு பார்க்கமாட்டார்கள். தரகர் காட்டும் 'ரிவர் வியூ' வீடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகையில் ஒன்றாகவே இருக்கும்.

ஆகவே சரிவில் பாருங்கள். பார்க்கும்போது வீட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். தடுப்புச் சுவர் கருங்கல்லா, வெறும் ஹாலோ பிளாக்கா, அதில் நீர் வடிய விட்ட துளைகள் திறந்திருக்கின்றனவா, மண்ணும் செடியும் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா என்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டுக்காரப் பாட்டி, நல்ல மழை பெய்யும் நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து ஒவ்வொரு துளைக்கடியிலும் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார். "தண்ணி தெளிவா வந்தா தூங்குங்க தம்பி, செம்மண்ணா கலங்கி வந்தா பாயைச் சுருட்டிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க" என்பார். கலங்கிய நீர் வந்தால் சுவருக்குப் பின்னால் மண் கரைகிறது என்று பொருள். மழையிலும் துளை வறண்டிருந்தால் அது இன்னும் மோசம். உள்ளே தேங்கிய நீரெல்லாம் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு மழை பெய்தும் குடிநீருக்குத் தட்டுப்பாடு உண்டு என்பது சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். குன்னூர் நகருக்கு ஆங்கிலேயர் காலத்து ரேலியா அணைதான் நெடுங்காலமாக ஆதாரம். கோடையில் குழாயில் தண்ணீர் வரப் பல நாள் ஆகிவிடும். எனவே தொட்டியின் கொள்ளளவையும், லாரி வந்து நிற்க இடம் உண்டா என்பதையும், ஊற்று நீர் வரும் வீடானால் அந்த ஊற்று யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். தரகரிடம் கேட்பதை விடப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்பது மேல். போன ஏப்ரலில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது என்பதை அவர் விரல்விட்டே சொல்லிவிடுவார்.

போக்குவரத்துக்கு மலை ரயிலை நம்பாதீர்கள். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 2005இல். அழகில் குறையே இல்லை. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும் வண்டியில் அலுவலகம் போக முடியாது. மழைக்காலத்தில் தண்டவாளத்தில் பாறை விழுந்தால் ரத்து வேறு. குன்னூரிலிருந்து கோவை ஏறக்குறைய 70 கிலோமீட்டர், அதில் பாதி மலைப்பாதை, 14 கொண்டை ஊசி வளைவுகள். அதிகாலையில் அரசுப் பேருந்து பிடித்தால் நிம்மதியாகப் போய்ச் சேரலாம். கோடை சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதையாக்குவார்கள் என்பதால், சொந்த வண்டியில் இறங்குவதானால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இணையத்தில் அனுமதி வாங்கும் இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. நீலகிரிப் பதிவெண்ணான 43 வரிசை வண்டிகளுக்கு விலக்கு உண்டு. உங்களுடையது கோவைப் பதிவெண் என்றால் குடிவரும் முன்பே அதற்கு வழி செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்த விஷயத்தில் கூச்சம் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நாள் வாடகைக்கு விட்டால் கிடைக்கும் காசைக் கணக்குப் போட்டு, "ரெண்டு மாசம் மட்டும் ஊருக்குப் போயிட்டு வாங்களேன்" என்று கேட்கும் உரிமையாளர்கள் உண்டு. மகளைப் பள்ளியில் சேர்க்கப் போகும் உங்களுக்கு அது சரிப்படாது. ஆண்டு முழுவதும் குடியிருப்பு உங்களுக்கே என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கட்டடம் குடியிருப்பாகவே அனுமதி பெற்றதா என்பதையும் பாருங்கள். 7 மீட்டர் உயர வரம்புள்ள இந்த மலையில் மூன்று மாடி நிற்கிறதென்றால், ஒருநாள் சீல் வைக்க அதிகாரிகள் வரக்கூடும்.

மற்றவை பழகிவிடும். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது. தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். இருட்டிய பிறகு குப்பையை வெளியே வைக்காதீர்கள், கரடி வரும். தேயிலைத் தோட்ட வழியில் காட்டெருமை நின்றால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள்.

வீடு பார்க்க மே மாதத்தில் வராமல் நவம்பரில், மழை பிடித்த நாளாகப் பார்த்து வாருங்கள். எந்தச் சுவர் ஒழுகுகிறது, எந்தப் பாதை வழுக்குகிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்; சீசன் இல்லாததால் வாடகையும் பேசிக் குறைக்கலாம்.