சக்கரம் வழுக்குகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா?

கேள்வி: என்னிடம் ஒற்றைக் கிளட்ச் உள்ள மினி டிராக்டர் இருக்கிறது. மஞ்சள் வெட்டிய காட்டில், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டும்போது, மண் இறுகிய இடங்களில் கத்திகள் நின்றுவிடுகின்றன. பின் சக்கரங்களும் சுழலாமல் நின்றுவிடுகின்றன. ஆனால் என்ஜின் அணையாமல் இரைகிறது. டயர் தேய்ந்துவிட்டது என்கிறார் ஒருவர், பி.டி.ஓ. (பின்னால் பூட்டிய கருவிக்கு என்ஜின் விசையைக் கொடுக்கும் தண்டு) கியர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். எதை நம்புவது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் பணம் செலவழிக்காதீர்கள். டயரில் பிடிப்பு இல்லையென்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணைப் பறிக்கும். பி.டி.ஓ. கியர் மட்டும் பழுதென்றால் கத்தி நின்றாலும் வண்டி நகரும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச் தட்டு வழியாகத்தான் விசை செல்கிறது என்பதால், இரண்டும் ஒன்றாக நின்று என்ஜின் மட்டும் ஓடினால் வழுக்குவது அந்தத் தட்டுதான். மேலும், ரோட்டவேட்டர் கத்திகள் பொதுவாகச் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழன்று வண்டியை முன்னே தள்ளுவதால், அந்த வேலையில் டயர் வழுக்குவது குறைவு.

முதலில் கிளட்ச் மிதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பு தட்டும் முன் அது சிறிது தூரம் இலேசாக இறங்க வேண்டும்; இந்த ‘ஃப்ரீ பிளே’ பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கும், உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கும். அது இல்லாமற்போனால் தட்டு முழுதாக அழுந்தாமல் சுமையேறியதும் வழுக்கும். மிதிமேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமும் இதே கேட்டைத்தான் செய்கிறது. அளவு சரியாக இருந்தும் வழுக்கினால், தட்டு தேய்ந்திருக்கலாம், அல்லது சீல் கசிந்து அதில் எண்ணெய் படிந்திருக்கலாம். கிளட்ச் கூட்டின் அடித்துளையில் எண்ணெய் சொட்டுவது அதற்கு அடையாளம். அப்படியானால் சீலை மாற்றாமல் தட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

பி.டி.ஓ. தண்டு சுழன்றும் கத்தி சுழலவில்லை என்றால் மட்டும் ரோட்டவேட்டர் பக்கம் பாருங்கள்; பெரும்பாலும், சுமை மிஞ்சும்போது தானே முறிந்து மற்ற பாகங்களைக் காக்கும் ஷியர் போல்ட் முறிந்திருக்கும். அடிக்கடி முறிகிறதே என்று அதைவிடக் கடினமான போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள், அடுத்து உடைவது கியர் பெட்டியாக இருக்கும். என்ஜினை நிறுத்தாமல் தண்டின் அருகே குனியவே வேண்டாம்: நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் தண்டில் வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது.

டயர் சந்தேகம் கலப்பை ஓட்டும்போதும் தொடர்ந்தால் அளந்தே பார்த்துவிடலாம். சக்கரத்தில் சுண்ணாம்புக் குறியிட்டு, 10 சுற்றுக்குச் சுமையின்றி 28 மீட்டரும் சுமையோடு 24 மீட்டரும் நகர்ந்தால் வழுக்கல் சுமார் 14 சதவீதம். உழவில் 15 சதவீதம் வரை கவலையில்லை. அதைத் தாண்டினால், டயரை மாற்றும் முன் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி மறுபடி அளந்து பாருங்கள்.