எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனைக்குக் கை நீட்டலாமா?

கேள்வி: வயது 28. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவோடு வெள்ளிக் கொலுசுப் பட்டறை பார்க்கிறேன். பெங்களூருவில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் சித்தி மகன், "எச்.ஐ.வி. தடுப்பூசியை முதலில் நோயே இல்லாத ஆட்களுக்குத்தான் போட்டுப் பார்ப்பார்கள். அப்படி எங்காவது ஆள் எடுத்தால் வருகிறாயா?" என்று கேட்கிறான். எனக்கு விருப்பம்தான். அம்மாவோ, "எய்ட்ஸ் ஊசி போட்டுக்கிட்டு வந்தா எவன் பொண்ணு கொடுப்பான்?" என்கிறார். அடுத்த வருடம் துபாய் போகும் யோசனையும் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை ரத்ததானம் செய்கிறவன் நான். ஊசியால் நோய் வருமா, டாக்டர்? சேரலாமா?

பதில்: தம்பி, ஊசியால் எச்.ஐ.வி. வராது. அம்மாவிடம் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள். ஆனால் அவர் கேட்டது அதை இல்லையே, ஊர் என்ன சொல்லும் என்பதைத்தானே கேட்கிறார். அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏன் வராது? ஆரோக்கியமானவர்களுக்குப் போட்டுப் பார்க்கும் இந்த ஊசிகளில் உயிருள்ள எச்.ஐ.வி. கிருமி கிடையாது. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு துண்டுப் புரதம் இருக்கும். இல்லையென்றால் அந்தத் துண்டைச் செய்யச் சொல்லி நம் செல்லுக்குக் கொடுக்கும் மரபணுக் குறிப்பு இருக்கும். செக்போஸ்ட்டில் நிற்பவரிடம் லாரியின் நம்பர் பிளேட்டை மட்டும் கழற்றிக் காட்டி, "இந்த வண்டி வந்தால் மடக்குங்கள்" என்று சொல்லி வைப்பது மாதிரி. நம்பர் பிளேட் ஓடிவந்து யார் மீதும் மோதாது.

இது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். இருபது வருடம் கழித்து, 2006 ஜனவரியில், அதே சென்னையில் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஆரோக்கியமான 32 பேருக்குத் தடுப்பூசியின் முதல்கட்டச் சோதனை தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு புனேவில் 30 பேருக்கு நடந்திருந்தது. யாருக்கும் ஊசியால் எச்.ஐ.வி. வரவில்லை. பயன்படுத்தத் தகுந்த தடுப்பூசியும் கையில் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1987-ல் அமெரிக்காவில் முதல் சோதனை தொடங்கியதிலிருந்து இன்றுவரை பெரிய அளவில் ஓரளவு பலன் காட்டியது தாய்லாந்தில் பதினாறாயிரம் பேருக்கு மேல் சேர்ந்த சோதனை ஒன்றுதான். 2009-ல் முடிவு வந்தது. 31 சதவீதப் பாதுகாப்பு, அது போதவில்லை.

முதல்கட்டத்தில் பார்ப்பது ஊசி உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை. கூடவே எதிர்ப்புச் சக்தி கொஞ்சமாவது தூண்டப்படுகிறதா என்றும் பார்ப்பார்கள். நோயைத் தடுக்கிறதா என்பது இந்தக் கட்டத்தில் கேள்வியே இல்லை. அதனால் ஆட்களும் சில டஜன் பேர்தான். ரத்தம், கல்லீரல், சிறுநீரகம், மஞ்சள் காமாலைக் கிருமிகள் என்று எல்லாம் பார்த்து, எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்புக் குறைவாக இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் முடிந்துவிடாது. படித்தது புரிந்ததா என்று கேள்வித்தாளும் வைப்பது வழக்கம். 'இந்த ஊசி என்னை எச்.ஐ.வி.யிலிருந்து காப்பாற்றும் – சரியா, தவறா?' என்று ஒரு கேள்வி இருக்கும். 'சரி' என்று டிக் அடித்தால் உட்கார வைத்து மறுபடி விளக்குவார்கள்.

ஊசி போட்டதும் அனுப்பிவிட மாட்டார்கள், கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர், ஒரு சின்ன ஸ்கேல், ஒரு டைரி அட்டை கொடுப்பார்கள். ஒரு வாரம் தினமும் சாயங்காலம் காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். ஊசி போட்ட இடம் சிவந்திருந்தால் ஸ்கேலை வைத்து அளந்து மில்லிமீட்டரில் எழுத வேண்டும். சுத்தியல் பிடிக்கிற கையை விட்டுவிட்டு மற்ற கையில் போடச் சொல்லுங்கள். இரண்டு நாள் வலிக்கும். அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் அடிக்கடி போய் ரத்தம் கொடுக்க வேண்டும். சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசியும் போவதுண்டு. அந்தச் சிலரில் நீங்கள் உண்டா என்பது சோதனை முடியும்வரை உங்களுக்கும் தெரியாது, ஊசி போடுகிறவருக்கும் தெரியாது.

பயப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2006 மார்ச்சில் லண்டனில் ஒரு புது மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அது தடுப்பூசி இல்லை; எச்.ஐ.வி.க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் புது மருந்தை முதலில் ஒருவருக்குக் கொடுத்து, காத்திருந்து, பிறகுதான் அடுத்தவர் என்ற வழக்கம் இறுகியது அதன் பிறகுதான். இப்போது குறைந்த அளவில் சிலருக்குப் போட்டு, சோதனை நடத்துபவர்களைச் சாராத ஒரு குழு கணக்கைப் பார்த்துத் தலையாட்டினால்தான் அளவு கூடும். முதல்கட்டத்தில் புது விஷயம் தெரியவருவதும் உண்டு. அண்மையில் எம்.ஆர்.என்.ஏ. வகை (முன்பு சொன்ன மரபணுக் குறிப்பு வகை) எச்.ஐ.வி. ஊசியை 108 பேருக்குப் போட்ட அமெரிக்கச் சோதனை ஒன்றில் 7 பேருக்குக் காணாக்கடி மாதிரி உடம்பெல்லாம் தடித்து அரிப்பு வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் சிலருக்கு வாரக்கணக்கில் தொல்லை. இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டமே.

சரி, இப்போது அம்மாவின் கேள்வி.

எலிசா போன்ற வழக்கமான எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியைப் பார்த்து உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைத்தான் முக்கியமாகத் தேடுகிறது. தடுப்பூசியின் வேலையும் அந்த எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க வைப்பதுதான். ஆக, ஊசி நன்றாக வேலை செய்தால், கிருமியே இல்லாத உங்கள் ரத்தம் 'பாசிட்டிவ்' என்று காட்டலாம். உங்கள் தொழில் பாஷையில் சொன்னால், எலிசா சோதனை கொலுசில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. உள்ளே என்ன உலோகம் என்று தெரிய உருக்கி 'டச்' பார்க்க வேண்டும். அந்த 'டச்' இங்கே கிருமியின் மரபணுவையே நேராகத் தேடும் நாட் சோதனை. அதில் உண்மை தெரிந்துவிடும்.

இது எங்கோ ஒருவருக்கு நடக்கிற விஷயம் என்று நினைக்காதீர்கள். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட 2,176 பேரில் 908 பேருக்கு இப்படிப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டியிருந்தது. ஊசியின் வகையைப் பொறுத்து இது கூடும், குறையும். சிலருக்கு வருடக்கணக்கில் மறைவதில்லை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் செய்த கொரோனா தடுப்பூசியையே 2020 டிசம்பரில் இதனால்தான் கைவிட்டார்கள். அதில் இடுக்கி போலப் பிடித்து நிற்க எச்.ஐ.வி. புரதத்தின் ஒரு சின்னத் துண்டைச் சேர்த்திருந்தார்கள். அந்தக் கொரோனா ஊசி போட்டவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை பாசிட்டிவ்!

ஒரு துண்டுச் சீட்டு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தார், ஆறு மாதக் கர்ப்பிணி. ஏதோ ஒரு லேபில் ஒரே ஒரு சோதனை செய்து 'ரியாக்டிவ்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் அந்தச் சீட்டை நான்காக மடித்து வைத்திருந்தார். கணவர் முதல் நாளே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாராம். இருபது கொண்டை ஊசி வளைவும் தனியாகவே பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறார். முறைப்படி மறுபடி சோதித்தோம், நெகட்டிவ். அவர் எந்தத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர் இல்லை. அவசரச் சோதனையின் கோளாறு, அவ்வளவுதான். கணவர் திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று.

ஆகவே சேர்வதானால், சோதனை நடத்தும் மருத்துவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "எனக்குப் பொய்ப் பாசிட்டிவ் வந்தால், தடுப்பூசிச் சோதனை முடிந்த பிறகும் இலவசமாக நாட் சோதனை செய்து தருவீர்களா? எத்தனை வருடத்துக்கு? எழுத்தில் கொடுப்பீர்களா?" நேரான பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்ந்துவிட்டால், வெளி லேபில் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளாதீர்கள். மாஸ்டர் ஹெல்த் செக்கப், இன்சூரன்ஸ், அறுவை சிகிச்சைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை என்று எது வந்தாலும் முதலில் தடுப்பூசிச் சோதனை நடத்தும் மையத்துக்குப் போன் செய்யுங்கள். பங்கேற்பாளர் அடையாள அட்டையைப் பர்ஸில் வைத்திருங்கள்.

துபாய்? வேலை விசாவுக்கு அங்கே எச்.ஐ.வி. சோதனை கட்டாயம். பாசிட்டிவ் என்று வந்தால் உங்கள் அட்டையை உட்கார்ந்து படிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. போவது உறுதி என்றால் இந்த முறை சேராதீர்கள். இது என் அபிப்பிராயம்.

திருமணத்துக்குத் தடையில்லை. தாம்பத்தியத்தால் மனைவிக்குப் போவதற்கு உங்களிடம் கிருமி இல்லை. சோதனைக் காலத்தில் கர்ப்பம் தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்லலாம். பெண் வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று: ஊசி போட்டாயிற்றே என்று ஆணுறையை மறந்துவிடாதீர்கள். 2007-ல் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய சோதனையில், ஊசி போட்ட ஆண்களில் ஒரு பிரிவினருக்கு, போடாதவர்களைவிட அதிகமாக வெளியிலிருந்து தொற்று வந்தது. ஊசி நோயைக் கொடுக்கவில்லை. பாதுகாப்பும் கொடுக்கவில்லை, சிலருக்கு எதிராகவே போயிருக்கிறது.

சித்தி மகன் சொல்லும் சோதனை உண்மையா என்று பார்க்க, அதன் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் மருந்துச் சோதனைகளைப் பதிவது கட்டாயம். இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகளின்படி உங்கள் உரிமை. பயணச் செலவும் வேலை கெட்டதற்கான தொகையும் தருவார்கள். அதற்கு மேல் லட்சம், புரோக்கர் என்று யாராவது பேசினால் நகர்ந்துவிடுங்கள். பாதியில் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணில் கேட்கலாம். நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கும் போகலாம்.

ஊசி போட்டுக்கொண்டால், ரத்ததானத்தைத் தடுப்பூசிச் சோதனை மையம் சரி என்று சொல்லும்வரை நிறுத்திவையுங்கள். பொய்ப் பாசிட்டிவ் காட்டினால் நீங்கள் கொடுத்த ரத்தப் பை எப்படியும் வீணாகும், ரத்த வங்கியிலிருந்து வரும் போன் உங்கள் தூக்கத்தையும் கெடுக்கும். முகாமுக்குப் போகாமல் இருக்க முடியாது என்றால், படுத்திருப்பவர்களுக்கு ஜூஸ் எடுத்துக் கொடுங்கள்.