ரெடிமேட் மாடல் வாங்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். செமஸ்டருக்குள் இருவர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். நீர்மின் நிலைய மாடல் கடையிலேயே கிடைக்கும், 1,500 ரூபாய்தான் என்கிறார்கள் சீனியர்கள். வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பல்பு எரியும், மேஜைமேல் பார்க்க அழகாக இருக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இதில் நீங்கள் எதை அளந்தீர்கள்?" என்று கேட்டால்தான் திண்டாட்டம்.

விடை எண்ணாக வரக்கூடிய ஒரு கேள்வியை எடுங்கள். ஆரம்பிக்கும் முன் காகிதத்தில் ஒரு கணக்குப் போடுங்கள்: நான் தேடும் மாற்றம் பெரிதா, என் அளவீட்டுப் பிழை பெரிதா? முதலாண்டு ப்ராஜெக்ட்டுகள் பலவும் இங்கேதான் கவிழ்கின்றன. தனி ஊசலையே பாருங்கள். வீச்சு, அதாவது ஊசலை விலக்கிவிடும் கோணம், கூடினால் அலைவு நேரமும் (ஒருமுறை போய்வர ஆகும் நேரம்) கூடும், உண்மைதான். ஆனால் 1 மீட்டர் ஊசலை 10 டிகிரியில் விட்டால், மிகச் சிறிய வீச்சில் ஆடுவதோடு ஒப்பிட்டால் 10 அலைவுக்கும் சேர்த்து வித்தியாசம் 0.04 வினாடி. ஸ்டாப்வாட்ச்சை அமுக்கும் கட்டைவிரலே 0.2 வினாடி தவறும். 60 டிகிரியில் விடுங்கள், வித்தியாசம் ஒன்றரை வினாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதே ஊசல்தான்.

நானாக இருந்தால் டென்னிஸ் பந்தை எடுப்பேன். கேள்வி இது: வெயிலில் கிடந்த பந்து, ஃப்ரிட்ஜில் வைத்த பந்தைவிட எவ்வளவு அதிகம் எழும்பும்? ஸ்கேலை நிறுத்தி உயரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டாம். பந்து தரையில் படும் 'டக், டக்' சத்தத்தை மொபைலில் பதிவு செய்யுங்கள். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச செயலி, இரண்டு சத்தங்களுக்கு இடைப்பட்ட நேரத்தைத் துல்லியமாகக் காட்டும். அந்த நேரத்தின் வர்க்கத்தை 9.8-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் பந்து எழும்பிய உயரம் மீட்டரில் கிடைக்கும். முதல் இடைவெளி 0.68 வினாடி என்றால் சுமார் 57 சென்டிமீட்டர்.

உங்கள் அளவீடு சரிதானா என்று பார்க்கவும் வழி உண்டு. சர்வதேச டென்னிஸ் விதிப்படி, வழக்கமான பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். புதுப் பந்தை மாடிப்படி ஓரமாக நின்று விட்டுப் பாருங்கள். விடை ரொம்பத் தள்ளி வந்தால் முதலில் உங்கள் முறையைச் சந்தேகியுங்கள், அப்புறம் பந்தை. (தெருக் கிரிக்கெட்டில் அடிவாங்கிய பந்து இதற்கு ஆகாது.)

ஒவ்வொரு வெப்பநிலையிலும் 10 முறையாவது விடுங்கள். சராசரியோடு, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் ரெக்கார்டில் எழுதுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், மைக்கில் அந்த இரைச்சலும் ஏறும். பந்தை பாலிதீன் பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஈரம் படியாது. வெளியே எடுத்ததும் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் பந்து சூடேறிவிடும். அதனால் இரண்டு மூன்று முறை விட்டதும் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுங்கள்.