எரிஷ் கிளௌசெனர்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1934 ஜூன் 30 அன்று ஹிட்லர் நடத்திய கொலைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதில் எரிஷ் கிளௌசெனர் என்ற கத்தோலிக்க அதிகாரியை 'நாஜிகளை எதிர்த்தவர்' என்கிறீர்கள். நான் தேடிப் படித்தவரை அவர் எந்தச் சதியிலும் இல்லை. கடைசி நாள்வரை அந்த அரசாங்கத்திடமே சம்பளம் வாங்கியிருக்கிறார். நானும் அரசு ஊழியன்தான். உண்மையிலேயே எதிர்ப்பவர் என்றால் ராஜினாமா செய்திருக்க வேண்டாமா? கொல்லப்பட்டதாலேயே ஒருவரைப் போராளி ஆக்கிவிடுகிறோமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர் சதிகாரர் இல்லை என்பது சரி. 1933இல் புதிய அரசோடு எப்படியாவது ஒத்துப்போய்விடலாம் என்ற நம்பிக்கை பல கத்தோலிக்கர்களைப் போல அவருக்கும் கொஞ்சகாலம் இருந்தது. அதை மறைத்து அவரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ராஜினாமாவை வைத்து அவரை அளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

1926 முதல் அவர் பிரஷ்ய உள்துறை அமைச்சகத்தில் காவல் பிரிவின் தலைவர். ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலத்தின் போலீஸ் அவர் பொறுப்பில் இருந்தது. நாஜிகளின் தெரு வன்முறையைச் சட்டப்படி அடக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1933இல் அந்த அமைச்சகம் ஹிட்லரின் நெருங்கிய சகாவான கோரிங்கின் கைக்குப் போனது. நாஜிப் படையினரோடு போலீஸ் இணக்கமாக இருக்க வேண்டும், எதிரிகள் என்றால் தயங்காமல் சுட வேண்டும் என்று பிப்ரவரியிலேயே உத்தரவு வந்தது. அப்படிப்பட்ட போலீசுக்கு கிளௌசெனர் தோதுப்பட மாட்டார் என்பது கோரிங்குக்குத் தெரியும். அவரைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குத் தூக்கியடித்தார்கள். கப்பல் போக்குவரத்துப் பிரிவு. அங்கே அவரால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று எண்ணியிருப்பார்கள்.

ஆனால் 1928 முதல் அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. பெர்லின் மறைமாவட்டத்தில் 'கத்தோலிக்க ஆக்‌ஷன்' என்ற பொதுநிலையினர் (குருமார் அல்லாத சாதாரண கத்தோலிக்கர்கள்) இயக்கத்தின் தலைவர் அவர். 1933 ஜூலைக்குள் நாஜிக் கட்சியைத் தவிர ஜெர்மனியில் வேறு கட்சியே கிடையாது. தொழிற்சங்கங்களை நொறுக்கியாயிற்று. கத்தோலிக்கர்களின் மையக் கட்சியும் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. கட்சிக்கொடி இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றுகூட முடிந்த இடங்களில் திருச்சபைதான் முக்கியமானது. 1934 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை, பெர்லினுக்கு வெளியே ஹொப்பேகார்ட்டன் குதிரைப் பந்தய மைதானத்தில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். அங்கே கிளௌசெனர் உணர்ச்சி பொங்கப் பேசினார். பேசுபவர் யாரோ அரசியல்வாதி அல்ல, அரசாங்கத்தின் உயர் அதிகாரி என்பதை அந்தக் கூட்டமும் அறியும், ஆட்சியாளர்களும் அறிவார்கள். வேலையை விட்டுவிட்டு ஒதுங்கிப் போயிருந்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஒதுங்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை ஜூன் 30. நாஜிகளின் எஸ்.எஸ். படையில் உளவுப் பிரிவின் தலைவனான ஹைட்ரிக்கின் உத்தரவோடு குர்ட் கில்டிஷ் என்ற எஸ்.எஸ். ஆள் அமைச்சகத்துக்குள் வந்தான். உங்களைக் கைது செய்கிறேன் என்றான். கிளௌசெனர் கோட்டை எடுக்கத் திரும்பினார். பின்னாலிருந்து தலையில் சுட்டான். அப்புறம் அவருடைய மேஜையிலிருந்த தொலைபேசியிலேயே ஹைட்ரிக்கைக் கூப்பிட்டுத் தகவல் சொன்னான். தற்கொலை மாதிரி ஏற்பாடு செய் என்று பதில் வந்தது. துப்பாக்கியைப் பிணத்தின் கையருகே வைத்துவிட்டு, வாசலில் காவல் போட்டுவிட்டுப் போனான். தன் அலுவலகத்தில், தன் ஆவணங்களுக்கு நடுவே ஓர் அதிகாரியைக் கொன்றுவிட்டு, அவரே செத்தார் என்று அரசாங்கம் அறிவித்தது.

உடலைக் குடும்பத்திடம் கொடுக்கவில்லை. எரித்துச் சாம்பலைத்தான் கொடுத்தார்கள். அன்றைய கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தை ஏற்காது, தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கும் கிடையாது. அப்படியிருந்தும் பெர்லினில் அந்தச் சாம்பல் திருச்சபைச் சடங்கோடு புனித மத்தியாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அது தற்கொலை என்ற அரசாங்கத்தின் அறிவிப்பை நாங்கள் நம்பவில்லை என்று திருச்சபை ஊரறியச் சொன்னதாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 3 அன்று, நடந்த கொலைகள் எல்லாம் அரசின் தற்காப்பு, எனவே சட்டப்படி சரி என்று ஒரு சட்டமே போட்டார்கள். தற்கொலை என்றால் எதற்கு இந்தச் சட்டம்? அவருடைய மனைவி ஹெட்விக் சார்பில் வெர்னர் ப்யூண்டர், எரிஷ் வெடல் என்ற இரு வழக்கறிஞர்கள் அரசாங்கத்தின் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்கள். கணவர் கொலை செய்யப்பட்டார் என்று நீதிமன்ற ஏட்டில் ஏற்றிவிடுவதற்கு அதுதான் வழி. 1935இல் இருவரையும் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ பிடித்து அடைத்தது.

சுட்டவனுக்கு 1951இல் 15 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஹைட்ரிக் 1942இலேயே செத்துப்போயிருந்தான்.

கொல்லப்பட்டதால் மட்டுமே அவர் போராளியா என்று கேட்டிருக்கிறீர்கள். அன்று கொல்லப்பட்டவர்களில் பலர் நாஜிகளே. அவர்களை யாரும் எதிர்ப்பாளர்கள் என்று சொல்வதில்லை. கிளௌசெனரைச் சொல்கிறோம் என்றால், கோரிங் மாற்றிப்போட்டது முதல் ஹொப்பேகார்ட்டன் வரை நடந்ததை வைத்துத்தான். நீங்கள் அரசு ஊழியர் என்பதால் அந்த இரண்டு வழக்கறிஞர்களைப் பற்றியும் தேடிப் படியுங்கள். வழக்கு ஆவணம் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த ஆட்சியை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள்.