இங்கிலாந்தின் வோக்கிங் எப்படி லண்டனுக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களின் ஊர் ஆனது?

சுருக்கமாகச் சொன்னால், ரயிலும் ஒரு சுடுகாட்டுக் கம்பெனியும்தான் காரணம். சுடுகாடு என்று பேச்சுக்குச் சொன்னேன், அது இடுகாடு.

பழைய வோக்கிங் ஆற்றோரக் கிராமம். 1838-ல் ரயில் வந்தபோது, ஸ்டேஷனை அதிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, புதர் மண்டிய பொட்டல்வெளியில் கட்டினார்கள். லண்டனில் புதைக்க இடமில்லாமல் போகவே, ஒரு கம்பெனி இந்தப் பக்கம் நிலத்தை வளைத்துப்போட்டு 1854-ல் புரூக்வுட் இடுகாட்டைத் திறந்தது. லண்டனின் வாட்டர்லூ ஸ்டேஷன் பக்கத்திலிருந்து சவங்களுக்கென்றே தனி ரயில். துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் போகவர டிக்கெட். சவப்பெட்டிக்குப் போக மட்டும்! அதிலும் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு உண்டு. எதிர்பார்த்த அளவு பிணம் வரவில்லை. மிச்ச நிலத்தைக் கம்பெனி மனைபோட்டு விற்றது. இன்றைய ஊர் அதன்மேல்தான் நிற்கிறது.

பிரிட்டனில் மசூதியாகவே கட்டப்பட்ட முதல் கட்டடமும் இங்கேதான், 1889-ல். இந்தியாவில் போபாலை ஆண்ட ராணி ஷாஜஹான் பேகம் பணம் கொடுத்தார், பெயரும் அவருடையதே.

இப்போது வாட்டர்லூ அரை மணி நேரம்தான். அதனால் வீட்டு விலை எக்கச்சக்கம். கடன் வாங்கி வானுயரக் கட்டடங்களில் பணத்தைக் கொட்டிய நகரசபை, 2023 ஜூனில் கையை விரித்துவிட்டது. பற்றாக்குறை சுமார் 120 கோடி பவுண்டு.